ஏஐ ஏஜென்ட்டுக்கு டிபக்கர் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு: எங்கே நிற்கும் என்று எழுதுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டிலிருந்தே புரோகிராமிங் வேலை பார்க்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். புரோகிராமை வரி வரியாக நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் டிபக்கரை, தானே கட்டளை கொடுத்து வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட் கையில் கொடுக்கும்போது கூடவே ஒரு கட்டளைக் குறிப்பும் வைக்கிறோம். ‘நெக்ஸ்ட் என்றால் அடுத்த வரி, ஸ்டெப் என்றால் ஃபங்ஷனுக்குள் போகும்’ என்று அதில் இருந்தால் போதாது. ஒவ்வொரு கட்டளையும் எங்கே நிற்கும், எதனால் பாதியிலேயே நின்றுவிடும், எப்போது நிற்காமலே கிடக்கும் என்பதுதான் ஏஜென்ட்டுக்கு வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் ஜிடிபி என்ற டிபக்கரை எழுதியது டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காக. எதிர்பாராத இடத்தில் நின்றால் அவர் கண்ணில் பட்டுவிடும். ஏஜென்ட்டுக்கு வந்து சேர்வது ஓரிரு வரி டெக்ஸ்ட் மட்டுமே. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால், அதன் மேலேயே அடுத்தடுத்த கட்டளைகளைக் கட்டிக்கொண்டு போகும்.

தேயிலை ஃபேக்டரியில் பசுந்தேயிலை எடை போடும் ஒரு சி புரோகிராமை வைத்துப் பார்ப்போம். தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியாக மூட்டை எடையைப் படிக்கிறது, ஈரத்துக்குக் கழிவு போட்டு நிகர எடையைக் கணக்கிடுகிறது. நிகர எடையைக் கணக்கிடும் வரி 42 என்றால், டிபக்கர் 42-ஐக் காட்டி நிற்கும்போது அந்த வரி இன்னும் ஓடவில்லை, இனிமேல்தான் ஓடப்போகிறது. இது தெரியாத ஏஜென்ட் உடனே வேரியபிளை பிரின்ட் போட்டு, வரும் குப்பை எண்ணைப் பார்த்து ‘பக் கிடைத்துவிட்டது’ என்று அறிவித்துவிடும். குறிப்பின் முதல் வரியே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்: ‘ரிட்டர்ன்’. பைத்தான் மொழியின் டிபக்கரான பிடிபியில் இதைக் கொடுத்தால் நடப்பு ஃபங்ஷன் முழுக்க ஓடி, திரும்பும் இடத்தில் நிற்கும். ஜிடிபியில் அதே சொல் மிச்ச வரிகளை ஓட்டாமலே ஃபங்ஷனை முறித்துக்கொண்டு வெளியேறிவிடும். கழிவு கணக்கு பாதியில் அறுந்துபோகும், அதற்குப் பிறகு வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. ஜிடிபி முதலில் ‘நிச்சயமா’ என்று கேட்கும்தான். ஆனால் ஏஜென்ட் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நாமே கன்ஃபர்மை ஆஃப் செய்து வைத்திருப்போம். ஓட்டி முடித்து வெளியே வர ஜிடிபியில் ‘ஃபினிஷ்’ என்று தெளிவாக எழுதுங்கள். ஃபினிஷ், அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் ஃபிரேமை, அதாவது இன்னும் முடியாத அந்த ஒரு ஃபங்ஷன் அழைப்பைத்தான் முடிக்கும். ஏஜென்ட் ‘அப்’ கொடுத்து மேலே, கூப்பிட்ட ஃபங்ஷனின் ஃபிரேமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஃபினிஷ் கொடுத்தால் ஒரு ஃபங்ஷன் கூடுதலாகத் தாண்டிவிடும்.

நெக்ஸ்ட்டுக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: ‘இதே ஃபிரேமில் வேறொரு சோர்ஸ் வரி தொடங்கும்போது நிற்கும். இந்த வரி கூப்பிடும் ஃபங்ஷனுக்குள் பிரேக்பாயின்ட் (இங்கே நில் என்று நாம் வைத்த குறி) இருந்தால் அங்கேயே நின்றுவிடும். சிக்னல் (ஆபரேட்டிங் சிஸ்டம் அனுப்பும் அறிவிப்பு) வந்தாலும் நிற்கலாம். ஃபங்ஷனின் கடைசியில் கொடுத்தால், கூப்பிட்ட ஃபங்ஷனுக்குத் திரும்பி நிற்கும். நின்றதும் ஃபங்ஷன் பெயரையும் வரி எண்ணையும் பார்த்த பிறகே அடுத்த கட்டளை.’

ஸ்டெப்புக்கு இரண்டு விஷயம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வரி எண் விவரம் இல்லாத ஃபங்ஷன் வந்தால் உள்ளே போகாது, நெக்ஸ்ட் மாதிரியே நடந்துகொள்ளும். ஆர்க்யுமென்ட்டுக்குள் இன்னொரு ஃபங்ஷன் கால் இருந்தால் முதலில் அதற்குள்தான் போய் நிற்கும். ‘ஸ்டெப் 10’ என்பதும் பத்துக்கு உத்தரவாதம் கிடையாது, நடுவில் பிரேக்பாயின்ட் வந்தால் அங்கேயே நிற்கும். லூப்பின் கடைசி வரியில் நெக்ஸ்ட் கொடுத்தால் மறுபடி மேலே போகும், ‘அன்டில்’ கொடுத்தால் லூப்பை ஓட்டி முடித்து வெளியே வரும். வேகத்துக்காகக் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்த பைனரியில் வரி எண்கள் முன்னும் பின்னுமாகத் தாவும் என்பதால், ஆப்டிமைஸ் செய்யாத ஓ-ஜீரோவில் பில்ட் செய்து கொடுப்பது நல்லது.

வெற்று எண்டரையும் மறக்காதீர்கள். ஜிடிபியிலும் பிடிபியிலும் வெறும் எண்டர் என்றால் முந்தைய கட்டளை மறுபடி ஓடும். கட்டளையின் வாலில் ஒரு நியூலைன் கூடுதலாக ஒட்டியிருந்தால், ஏஜென்ட் ஒரு ஸ்டெப் என்று நினைப்பது இரண்டாகிவிடும். அவுட்புட்டைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும் பேஜினேஷனையும் ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீளமான அவுட்புட்டின் நடுவே டிபக்கர் எண்டருக்காகக் காத்துக்கிடக்கும்.

முடிந்தால், வேறு புரோகிராம்கள் ஜிடிபியை இயக்குவதற்கென்றே இருக்கும் எம்ஐ இன்டர்ஃபேஸையே கொடுங்கள். அதில் முதலில் ‘ரன்னிங்’ என்று பதில் வரும், ஓட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பிறகு ‘ஸ்டாப்டு’ வரும்போது ஏன் நின்றது என்ற காரணமும் கூடவே வரும்: ஸ்டெப் முடிந்ததா, பிரேக்பாயின்ட்டா, ஃபங்ஷன் முடிந்ததா, சிக்னலா. ஸ்டாப்டு வராமல் அடுத்த கட்டளையை அனுப்பக் கூடாது என்று குறிப்பில் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஆனால் ஸ்டாப்டு வராமலே போகும் நேரமும் உண்டு. தராசைப் படிக்கும் வரியில் நெக்ஸ்ட் கொடுத்தால், தராசிலிருந்து ஏதாவது வரும்வரை புரோகிராம் அங்கேயே கிடக்கும், அது ஹேங் ஆகவில்லை. அதற்கு ஒரு டைம்-அவுட் வையுங்கள், நேரம் தாண்டினால் இன்டரப்ட் அனுப்பி பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியல்) எடுக்கச் சொல்லுங்கள். புரோகிராமை நிறுத்தி வைத்திருக்கும்போதும் தராசு எண்களை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நின்று எழுந்த பிறகு படிக்கும் முதல் எடை பஃபரில் தேங்கிய பழைய எடையாக இருக்கலாம். அதை வைத்துக் கழிவு கணக்கில் தப்பு என்று ஏஜென்ட் முடிவுகட்டக் கூடாது என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.