மூன்று முறை சொல்லியும் பார்த்தோம்
மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வசதி செய்யாத கடை மீது வழக்குப் போடுவதற்கு முன் கடைக்காரருக்குக் கடிதம் எழுதி அவகாசம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மிரட்டிப் பணம் பறிப்பது என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது 1990-இல். அவகாசம் முப்பது வருடத்துக்கு மேல் கொடுத்தாயிற்று. என் கணவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். கலிஃபோர்னியாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு மளிகைக் கடையில், வேனிலிருந்து சாய்தளத்தை இறக்குவதற்காக நீலக் கோடு போட்டு விட்டிருக்கும் இடத்தில் எப்போதும் தள்ளுவண்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். தரையில் எழுதிய 'நோ பார்க்கிங்' கூடத் தெரியாது. மூன்று முறை சொன்னோம். உடனே எடுத்துவிடுகிறோம் என்பார்கள். அடுத்த வாரம் அதே வண்டிகள். ஒருநாள் மழையில் நான் ஒவ்வொன்றாக இழுத்து ஓரம் விட்டேன், அவர் வேனுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. பக்கத்துக் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் இங்கே இடம் காலியானது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், இந்த வழக்குகள் எல்லாம் காசுக்காகத்தான் என்று எழுதியிருக்கிறார். 1990-இல் வந்த அந்த மத்திய சட்டத்தின்படி கடைகள் மீது தனிநபர் போடும் வழக்கில் இழப்பீடே கிடையாது. குறையைச் சரிசெய்யும் உத்தரவும் வக்கீல் செலவும்தான். குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு என்பது கலிஃபோர்னியா மாநிலத்தின் சொந்தச் சட்டமான, பாகுபாட்டைத் தடுக்கும் அன்ரூ சட்டத்தில் வருவது. அதை வாங்கிக்கொண்டு, சக்கர நாற்காலி ஏற முடியாத வாசற்படியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் செய்வது அநியாயம்தான், எங்களுக்கும் அதனால் கெட்ட பெயர். சரி, குறையைத் தீர்க்காமல் சமரசம் கூடாது என்று விதி போடுங்கள். வழக்குப் போடும் உரிமையில் மட்டும் கை வைக்காதீர்கள், கடை கடையாக வந்து அளந்து பார்க்க இந்தச் சட்டத்துக்கு ஆய்வாளர் யாரும் இல்லை.