தூரத்திலிருந்து சுடுவது வேட்டை இல்லை

எல்க் என்ற பெரிய மானின் வேட்டை சீசன் முடிந்து, நான் சுட்டதன் இறைச்சி ஃப்ரீசருக்குள் போயாகிவிட்டது. படம் போட்டதிலிருந்து இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "மானையா சுட்டே?" என்கிறார்கள். இங்கே அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் ஒரு தம்பி, "அண்ணா, எத்தனை கெஜம்? நானும் ரைஃபிள் வாங்கப் போறேன், 1000 கெஜம் போற மாதிரி எது நல்லது?" என்று கேட்டிருந்தார். என்னை எழுத உட்கார வைத்தது இந்த இரண்டாவது கேள்விதான்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்திருக்கிறது. அங்கே மிச்சமிருக்கும் காட்டுக்கு அதுதான் சரி. அதைத் தளர்த்த வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இங்கே ஏற்பாடு வேறு. எந்தப் பகுதி, எந்த நாட்கள், ஆணா பெண்ணா என்பது வரை மாநில வனவிலங்குத் துறை வகுத்துத்தான் வேட்டை அனுமதிச் சீட்டு தருகிறது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத மத்திய வரி, 1937இல் வந்த சட்டப்படி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. சுட்ட இறைச்சியை விற்கக் கூடாது, வீணாக்கவும் கூடாது. இதற்கு மேல் இதில் வாதாட எனக்கு விருப்பமில்லை.

தம்பி கேட்ட தூரத்துக்கு வருவோம். நாற்பது கெஜம்கூட இருக்காது.

நாங்கள் போனது டில்லமூக் மாநிலக் காடு. போர்ட்லண்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் 6ஆம் எண் சாலை அதற்குள்தான் போகிறது. இங்கே வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் வாரக் கடைசியில் காரில் கடந்துபோன காடுதான். 1933, 1939, 1945, 1951 என்று ஆறு ஆண்டுக்கு ஒருமுறை தீப்பிடித்து மலை மலையாகக் கரிந்த இடம் அது. அப்புறம் 7 கோடிக்கும் மேல் கன்றுகளை நட்டார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். அந்த டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள்தான் இன்று வானம் தெரியாமல் நெருங்கி நிற்கின்றன. கீழே இடுப்பளவு பெரணி, விழுந்து கிடக்கும் மரங்களின் மேல் கை புதையும் பாசி. நவம்பரில் மழை விட்டாலும் மரங்கள் சொட்டுவதை விடாது. மூடுபனி இறங்கிவிட்டால் முப்பது நாற்பது கெஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தூரம் அளக்கும் லேசர் கருவியை எடுத்துப் பார்த்தால், அது பனியில் பட்டுத் திரும்பிவந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான்.

அங்கே இருப்பது ரூஸ்வெல்ட் எல்க். எல்க் வகைகளிலேயே உடம்பு பெரிது. முதிர்ந்த ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். நம் கடமானுக்கு உறவுதான், ஆனால் இது கூட்டமாக வாழும்.

என்னை அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், சிறு வயதிலிருந்தே இந்த மலைகளில் நடந்தவர். விடிந்து வெகுநேரம் கழித்து வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் ஒரு பழைய பாதையின் ஓரத்தில் தடம் கிடைத்தது. குளம்பின் விளிம்பு மழையில் கரையாமல் கூராக இருந்தது, குழிக்குள் தண்ணீர் இன்னும் ஊறி நிறையவில்லை. பக்கத்தில் புழுக்கை, தொட்டால் வெதுவெதுப்பு. அவர் சின்னக் குப்பியை அமுக்கிப் பவுடரைத் தூவினார். அது எங்கள் முகத்தை நோக்கியே வந்தது. காற்று சரி, எங்கள் வாடை எல்குக்குப் போகாது. ஈரத்தில் ஊறிய ஃபிர் ஊசிகள் காலடியில் சத்தமே போடவில்லை. கொஞ்சம் இறங்கியதும் வாடை வந்துவிட்டது, மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்த மாதிரி.

முதலில் தெரிந்தது ஒரு காது. பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு முதுகு. எங்கள் சீட்டு ஆணுக்கு மட்டும். பனிக்குள் கொம்பையும் கிளையையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெரியவர் கையைத் தாழ்த்திக் காட்டினார்: பொறு. ஒரு பெண் எல்க் எங்களை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் காற்று திரும்பியிருந்தால் மொத்தக் கூட்டமும் போயிருக்கும், அதற்கு அந்த வாய்ப்பு முழுசாக இருந்தது. பின்னாலிருந்த ஆண் இரண்டடி முன்னே வந்தது, கொம்பு தெளிந்தது, முன்சப்பைக்குப் பின்னால் விலா திறந்து கிடைத்தது. சுட்டேன்.

உடனே ஓடிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், துரத்தினால் அடிபட்ட விலங்கு இன்னும் தொலைவு போகும். ஆனால் மழையோ ரத்தத் தடத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. நின்று காத்திருந்த அந்த நேரம்தான் எனக்கு மிகக் கடினம். அப்புறம் பெரணி இலையில் நுரையோடு இளஞ்சிவப்பாக ரத்தம். நுரையீரலில் பட்டிருக்கிறது. சரிவில் கீழே, ஒரு மரத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. தொடை, சப்பை, முதுகுக்கறி, கழுத்து என்று பிரித்து, துணிப்பைகளில் கட்டி, கிளைகளில் தொங்கவிட்டோம். குளிர்காலம் என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. தடித்த தோலை உடனே நீக்காவிட்டால் எலும்பை ஒட்டிய கறி உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும். முதுகில் சுமந்து மேலேற்றி முடிக்கும்போது இருட்டிவிட்டது.

தம்பி, இதைப் படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள். எல்குக்கு இருக்கும் காவல் மூன்று: மூக்கு, காது, கண். நாற்பது கெஜத்தில் மூன்றும் வேலை செய்கின்றன. 800 கெஜத்தில் பெரும்பாலும் ஒன்றும் உதவாது. எதிர் மலையிலிருந்து ஒருவர் தன்னைக் குறி வைத்திருக்கிறார் என்று அறிய அதற்கு வழி ஏறக்குறைய கிடையாது. அந்தத் தூரத்தைக் கடக்கத் தோட்டாவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மேய்கிற விலங்கு அதற்குள் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்கு வைத்த குறி குடலில் படும். மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கக் காற்று போதும், தோட்டா ஒரு மீட்டர் அளவுக்கு விலகிவிடும். குடலில் அடிபட்ட எல்க் பல மணி நேரம் உயிரோடு கிடந்து சாகும். சுட்டவர் பள்ளத்தில் இறங்கி எதிர் மலை ஏறி வந்து சேர்வதற்குள் அது எங்கேயோ போயிருக்கும். காணொளிகளில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை.

இது நான் மட்டும் சொல்வதும் இல்லை. இந்த எல்குக்கு யார் பெயரை வைத்தார்களோ, பின்னாளில் அமெரிக்க அதிபரான அந்தத் தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அந்த கிளப்பே நெடுந்தூரச் சூட்டுக்கு எதிராக வெளிப்படையாக அறிக்கை விட்டிருக்கிறது. காகிதக் குறியிலும் இரும்புத் தகட்டிலும் 1000 கெஜம் சுடுங்கள், அது நல்ல விளையாட்டு, பெரிய திறமை. உயிரின் மேல் அந்தத் திறமையைப் பழகிப் பார்க்கக் கூடாது.

மழையும் பனியும் சீசனைக் கெடுக்கின்றன என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பனி எங்கள் கண்ணைத்தான் மறைக்கிறது, அதன் மூக்கை மறைக்கவில்லை. சாதகம் யாருக்கு வேண்டுமோ, அந்த விலங்குக்கே அது சாதகம்.

வேட்டையில் தூரத்துக்கு வரம்பு வைக்கும் பேச்சு ஒரிகனில் எப்போது வந்தாலும் ஆதரவாகத்தான் பேசுவேன். தம்பிக்கு ஒன்று: ரைஃபிளை அவசரப்பட்டு வாங்காதீர்கள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு இங்கே 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம், இருந்தாலும் போய் உட்காருங்கள். மழை பெய்யும் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், டில்லமூக்குக்குப் போய் வெறுங்கையோடு தடம் பார்த்து நடந்துவிட்டு வருவோம்.