பொதிகைக்கு எதுக்கு ஹெச்டி என்று கேட்பவர்களுக்கு

தூர்தர்ஷனின் தமிழ் சேனலான பொதிகைக்கு ஹெச்டி கருவி வாங்கியதைக் கேலி செய்து ஒரு தம்பி போட்ட வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கூடவே சிரிப்பு எமோஜி வேறு. பார்த்துவிட்டேன், போதும். "யாருமே பார்க்காத சேனலுக்கு 2,500 கோடியில் கேமராவாம்" என்று தம்பி சொல்லி முடித்ததும் பின்னால் ஒரு டொய்ங் சத்தம். நல்ல எடிட்டிங்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 2,539.61 கோடி ரூபாய், 2025-26 வரைக்குமானது. நாடு முழுக்க உள்ள தூர்தர்ஷன், ஆகாசவாணி இரண்டுக்கும் சேர்த்து ஒதுக்கியது. எஃப்எம் விரிவாக்கம், எல்லைப் பகுதிக்கும் பழங்குடி கிராமங்களுக்கும் தரும் 8 லட்சம் இலவச செட்டாப் பாக்ஸ் எல்லாம் அதற்குள்தான் வருகிறது. சென்னை சிவானந்தா சாலையில் இருக்கும் பொதிகையின் ஒரு கட்டடத்துக்குக் கொட்டிய பணம் இல்லை அது. கூகுளில் தேடினால் கிடைக்கிற விஷயம். ஆனால் தேடினால் டொய்ங் போட முடியாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் கருவி வேண்டாம் என்கிறீர்கள். நான் கேட்பது, கருவியை மாற்றாமல் வைத்திருந்தால் யார் பார்ப்பார்கள்? சன் டிவி 2011 டிசம்பரிலேயே ஹெச்டிக்குப் போய்விட்டது. பொதிகை 'டிடி தமிழ்' ஆகி ஹெச்டிக்கு வந்தது 2024 ஜனவரி 19 அன்று. நடுவில் பன்னிரண்டு வருஷம். கடையில் பன்னிரண்டு வருஷம் விளக்கே போடாமல், வாடிக்கை இல்லை என்று கடையை இழுத்து மூடச் சொல்வது என்ன நியாயம்?

ஹெச்டிக்கு முந்தைய எஸ்டி தரப் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 720க்கு 576 புள்ளி. ஹெச்டியில் 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. இதில் கேமராவை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. லென்ஸ், ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற ஸ்விட்சர், எடிட்டிங், சர்வர், மேலே சாட்டிலைட்டுக்கு ஏற்றுகிற இடம் வரை எங்கேயாவது ஒன்று பழசாக இருந்தாலும் வீட்டுக்கு வருவது பழைய படம்தான். அதனால்தான் செலவு. தம்பி வீட்டில் ரிங் லைட் வாங்கிய மாதிரி முடிகிற வேலையில்லை இது.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டார். ஒளியும் ஒலியும் என்ற பழைய சினிமாப் பாட்டு நிகழ்ச்சி மீதான பாசமெல்லாம் இல்லை. என் பெரியப்பா தெருக்கூத்துக் கலைஞர். கர்ண மோட்சத்தில் கர்ணன் கட்டுவார். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை என்கிற அணி, எல்லாம் மரத்தில் செதுக்கி கண்ணாடிச் சில்லு பதித்தது. விடிய விடிய முகத்தில் அரிதாரம். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவு செய்த ஒரே டிவி பொதிகைதான். கதை சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனை வெட்டவில்லை, முகவீணை என்கிற சின்னக் குழல் வாசிப்பவரை ஓரத்தில் தள்ளவில்லை.

பிறகு ஒரு தனியார் சேனலிலிருந்து ஆள் வந்தார்கள். பேர் வேண்டாம். மூன்று நிமிஷம் போதும் என்றார்கள். முகவீணை மைக்கில் காதைக் கிழிக்கிறது, பின்னால் டிராக் ஓடவிடுகிறோம், நீங்கள் ஆடினால் போதும் என்றார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டையைத் துணியில் சுற்றி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, டீ சாப்பிட்டுப் போங்க தம்பி என்றார். அவர்களிடம் அன்றைக்கே முதல் தரமான கேமரா இருந்தது. பிரயோஜனம்?

"அது ஆளுங்கட்சியின் ஊதுகுழல், அதற்குப் போய் வக்காலத்தா?" என்று இந்நேரம் யாராவது டைப் செய்துகொண்டிருப்பீர்கள். செய்தியில் அந்த வாடை எனக்கும் அடிக்கிறது. 2024 அக்டோபரில் டிடி தமிழின் இந்தி மாத நிறைவு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிட வரி விடுபட்டபோது இதே பக்கத்தில் நானும்தான் திட்டினேன். அப்புறம் அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அதற்கு கேமரா என்ன பாவம் செய்தது? தனியார் சேனல்களில் எது எந்தக் கட்சியுடையது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் ஹெச்டிக்குப் போனபோது யாரும் கணக்குக் கேட்கவில்லை. வரிப்பணம் இல்லையாம், அதனால் சரியாம். இருக்கட்டும்.

"யூடியூப் இருக்கிறதே, போனில் எடுத்துப் போடலாமே?" எடுத்தோம், போட்டோம். கூத்து நடக்கிற களத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் போனைப் பிடித்து நின்று பாருங்கள், கண்ணாடிச் சில்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக எரியும், முகம் கறுத்துப்போகும், ஆர்மோனியம் முகவீணையைத் தின்றுவிடும். இரண்டு மூன்று கேமரா வைத்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மைக் வைத்து, லாபம் வராது என்று தெரிந்தே எடுக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு நல்ல கருவி வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உங்களுக்குப் போரடித்தாலும் சரி.

எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு. இந்த நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அரை நூற்றாண்டுப் பதிவுகள், யூமேட்டிக், பீட்டாகேம் என்று அந்தக் கால வீடியோ டேப்பில். யூமேட்டிக் டேப் ஓட யூமேட்டிக் மெஷின் வேண்டும், பீட்டாகேம் ஓட பீட்டாகேம் மெஷின் வேண்டும். புதுசு வந்துவிட்டது என்று பழைய மெஷினைக் காயலாங்கடைக்கு அனுப்பினால் மிச்சமிருக்கிற டேப்பும் வெறும் பிளாஸ்டிக்தான். பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றுகிறார்கள், பார்க்கிறேன். கச்சேரியும் நாடகமும் நிறைய வருகிறது. கூத்தும் வில்லுப்பாட்டும் எப்போது வரும் சார்? கர்ணன் எங்கே இருக்கிறான்? எங்கள் வீட்டில் காப்பி இல்லை. கேலி செய்வதானால் இதைக் கேட்டுக் கேலி செய்திருக்கலாம், நானும் ஷேர் செய்திருப்பேன்.

தம்பி பதில் வீடியோ போடப் போவதாகச் சொன்னார்கள். தாராளமாகப் போடட்டும். அந்த 2,539 கோடியில் சென்னைக்கு எவ்வளவு வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு ஆர்டிஐ மனு போட்டுத் தெரிந்துகொண்டு போட்டால் நன்றாக இருக்கும். கட்டணம் பத்து ரூபாய்தான், நானே ஜிபே பண்ணிவிடுகிறேன்.