சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லாதுங்க

மேல ஒருத்தர் "ஒரு தடவ கிளவுட் சர்டிபிகேட் எடுத்துட்டா ஆயுசுக்கும் செல்லும், அத வச்சே எப்ப வேணா கம்பெனி மாறிக்கலாம்"னு போட்டிருக்காரு, தப்புங்க. ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட்) சர்டிபிகேட் 3 வருஷம்தான். மைக்ரோசாஃப்டோட கிளவுடான அஷூர்ல அசோசியேட், எக்ஸ்பர்ட் லெவல்லாம் 1 வருஷத்துல முடிஞ்சிடும், ஆனா முடியறதுக்கு 6 மாசம் முன்னாடிலருந்தே ஆன்லைன்ல ஃப்ரீயா புதுப்பிச்சுக்கலாம் (அதுக்கான டெஸ்ட்ட பாத்தே எழுதலாம், பயப்படாதீங்க). ஏஇசட்-900 மாதிரி ஃபண்டமென்டல்ஸ், அதாவது ஆரம்ப லெவல் சர்டிபிகேட்டுக்கு மட்டும் காலாவதி கிடையாது, அவரு அத மனசுல வச்சு சொல்லிட்டாரு போல. அப்புறம் இன்டர்வியூ எடுக்கறப்ப நானும் சர்டிபிகேட்ட பாப்பேன்தான், ஆனா அடுத்த கேள்வியே நீங்க பண்ணதுல எது புட்டுக்கிச்சு, எப்படி சரி பண்ணீங்கங்கறதுதான், அங்கதான் பாதி பேரு முழிக்கறாங்க.