முன்வண்டிக்காரனுக்கு என்ன, அவன் பாட்டுக்குப் போவான்

மச்சான் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான். அவனுடைய 2003 குவாலிஸ் படம், கீழே "160 கிலோமீட்டர், சிங்கம் சிங்கிளா இழுத்துச்சு". படத்தில் அது கட்டி இழுத்து வந்த டாடா சுமோ இல்லை. சுமோவுக்குள் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்த நானும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஓசூரில் ஒரு பழைய சுமோவை மலிவாக வாங்கினான். ஹெட் கேஸ்கெட் போய் இன்ஜின் ஓடாத வண்டி. சேலத்தில் நமக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுவர, ரெக்கவரி லாரிக்காரர் பன்னிரண்டாயிரம் கேட்டார். "எதுக்கு மாமா தண்டச் செலவு, ரெண்டும் சேஸிஸ் வண்டி, கட்டி இழுத்துக்கலாம்" என்றான். நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் சொல்லணும்.

அவன் சொன்னதில் பாதி சரிதான். குவாலிஸ், சுமோ மாதிரி வண்டிகளுக்குத் தனி சேஸிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், இருப்பதால் கொக்கி மாட்ட உறுதியான இடம் கிடைக்கும். ஆனால் குவாலிஸில் இருப்பது டர்போ இல்லாத 2.4 லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன்தான். அது தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதே பெரிய காரியம். பின்னால் ஒன்றரை டன்னுக்கு மேல் கட்டிவிட்டால்? கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் கிளட்ச் தீய்ந்த வாடை எனக்கே அடித்தது.

ஓசூர் மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தார். சுமோவின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரப் பக்கம் போகும் நீளத் தண்டை, கழற்றாமல் விடமாட்டேன் என்று நின்றார். நியூட்ரலில்தானே வரப்போகிறது, எதற்கு என்று மச்சான் கேட்டான். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் கீழ் ஷாஃப்ட் சுற்றாது, அது சுற்றினால்தான் எண்ணெய் மேலே தெறிக்கும். பின் சக்கரம் உருள உருள மேல் ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடி சுற்றும். பத்து கிலோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது, 160 கிலோமீட்டருக்கு பேரிங் கேட்காது என்றார். கழற்றும் முன் இரண்டு பக்கமும் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். திரும்ப அதே இடத்தில் மாட்டாவிட்டால் வண்டி அதிருமாம். போல்ட்டுகளை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் மடியில் வைத்தார்.

இப்போது பின்வண்டிக்குள் வாருங்கள். சாவியைத் திருப்பி வைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பவர் ஸ்டியரிங் வேலை செய்யாததால் மாட்டு வண்டியைத் திருப்புகிற மாதிரி இருக்கும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருந்த வேக்குவம் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல்தான். எழுந்து நின்று மிதிக்காத குறை. கண்ணுக்கு முன்னால் குவாலிஸின் பின் கதவைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதில் ஒட்டியிருந்த 'முருகன் துணை' ஸ்டிக்கரில் கடைசி எழுத்து உரிந்து 'முருகன் து' என்று நின்றது.

பழைய 1989 சாலை விதிகளில் கட்டி இழுக்கும் வண்டிக்கு 24 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதித்திருந்தார்கள். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, பின்வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நாங்கள் போனது நாற்பதில். கயிறு நான்கு மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் நான்கு மீட்டரைக் கடக்க அரை வினாடி கூட ஆகாது, அவன் சடக்கென்று நின்றால் நான் போய் முட்ட வேண்டியதுதான்.

டோல்கேட்டில் குவாலிஸின் ஃபாஸ்டேகைப் படித்துக் கம்பம் ஏறியது. அது என் தலையில் இறங்காமல் ஒரு பையன் ஓடிவந்து கையால் பிடித்துக்கொண்டான்.

தொப்பூர் இறக்கம் வந்ததும் கதையே மாறியது. லாரிகளே தடுமாறும் இடம். அங்கே குவாலிஸ் இழுக்கவில்லை, சுமோ தானே அதன் மேல் போய் முட்டப் பார்த்தது. கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள இரண்டு வண்டிக்கும் சேர்த்து நான்தான் பிரேக் பிடித்தேன், கால் ஒன்று பெடலில், கை ஒன்று ஹேண்ட்பிரேக்கில். தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கீழே சமதளம் வந்து மூச்சு விட்டபோது, தொய்ந்த கயிறு என் முன் டயருக்கு அடியில் போனது. அவன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். டப். கயிறு அறுந்தது.

நான் ஓரமாக உருண்டு நின்றேன். ஹாரன் அடித்தால் கீச்சென்றது, ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டே வந்ததில் பேட்டரி இறங்கிவிட்டது. குவாலிஸ் போய்க்கொண்டே இருந்தது. அரை கிலோமீட்டர் தாண்டித்தான் போன் வந்தது.

"மாமா, வண்டி திடீர்னு செம பிக்கப்! கவனிச்சீங்களா?"

ரோட்டில் நின்றுபோன வண்டியை ஓரங்கட்டவும் பக்கத்துப் பட்டறை வரை கொண்டுபோகவும் கட்டி இழுங்கள், தப்பே இல்லை. மாவட்டம் தாண்டுவதென்றால் லாரியில் ஏற்றுங்கள். குவாலிஸுக்குக் கிளட்ச் செட் மாற்ற அவன் எவ்வளவு கொடுத்தான் என்பதை ஸ்டேட்டஸில் போடவில்லை, நானும் போட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நேற்று திரும்பவும் கூப்பிட்டான். பல்லடத்தில் ஒரு பழைய ஸ்கார்பியோ வருகிறதாம், ஓடாதாம், சும்மா விலையாம். சரி வர்றேன், ஆனா முன்வண்டி நான்தான் ஓட்டுவேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.