பொருள் விளங்கிவிடும் இடத்தில்தான் இலக்கணம் தேவைப்படுகிறது

"இலக்கணமெல்லாம் வேண்டாம், பேசப் பேசத் தானாக வந்துவிடும்" என்று இரண்டாம் மொழி கற்பவர்களிடம் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வாய்பாடுகளை ஒப்பிக்கவைத்தே ஆண்டுகளைக் கழித்த வகுப்புகளின் மீதுள்ள கோபத்தில் பிறந்த அறிவுரை இது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால், வயது வந்தவர்களுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில், இந்த அறிவுரை கற்பவருக்குக் கேடு செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கற்பவர் ஒருவர் "நான் தமிழ் பிடிக்கும்" என்கிறார். கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது, பேச்சு மேலே போகிறது. இத்தனைக்கும் "எனக்குப் பிடிக்கும்", "எனக்குத் தெரியும்", "எனக்குப் பசிக்கிறது" என்ற தொடர்களை அவர் நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். 'நான்', 'எனக்கு' இரண்டுமே பேசுபவரைத்தான் சுட்டுகின்றன என்று தெரிந்த பிறகு, அவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைக் கவனிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படுவதே இல்லை. "நேற்று நான் போகிறேன்" என்பதும் இப்படித்தான் வருகிறது: காலத்தை 'நேற்று' சொல்லிவிட்டதால், வினைக்குள் இருக்கும் இடைநிலைக்கு அவர் காதில் வேலை இல்லாமல் போகிறது. ஆங்கிலத்தில் 'ஷீ' என்று தொடங்கிவிட்டால் வினையின் இறுதியில் வரும் 'எஸ்' புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை; ஒரே வரியில் விளக்கிவிடக்கூடிய அந்த விதி, கற்பவரின் பேச்சில் மிகத் தாமதமாகத்தான் நிலைகொள்கிறது.

புதிய மொழியைக் கேட்கும் மனம் முதலில் பொருளைத் தேடுகிறது. சொற்களிலேயே பொருள் கிடைத்துவிட்டால் விகுதிகளையும் உருபுகளையும் தாண்டிப் போய்விடுகிறது. பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். எத்தனை ஆயிரம் மணி நேரம் கேட்டாலும் சில உருபுகள் கற்பவரின் பேச்சுக்குள் வராமலே போவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். சோம்பலையோ திறமைக் குறைவையோ காரணமாகச் சொல்வது அநியாயம்.

கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சு மொழியில் நடத்தும் திட்டம் 1965இல் கியூபெக் மாகாணத்தில் தொடங்கியது. புரியும்படியான மொழி போதிய அளவு காதில் விழுந்தாலே போதும், கற்றுவைத்த விதி பேச்சைச் சரிபார்க்க மட்டுமே உதவும் என்று பின்னாளில் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷன் வாதிட்டபோது, அதற்கு இதைவிட நல்ல சோதனைக்களம் இருந்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் பல ஆண்டுகளில் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் தாய்மொழிக்காரர்களை நெருங்கிவிட்டார்கள். ஆனால் பெயர்ச்சொற்களின் பாலிலும் வினை வடிவங்களிலும் அவர்களிடம் தவறுகள் நீடித்ததை மொழி கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் எடுத்துக்காட்டினார். பள்ளி முழுக்கப் பிரெஞ்சு ஒலித்த சூழலிலேயே நிலைமை அதுவென்றால், நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் பெரியவருக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மொழி கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷ்மிட்டின் சொந்த அனுபவம் இன்னும் நுட்பமானது. பிரேசிலில் போர்ச்சுகீசிய மொழியைக் கற்றபோது அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார்; சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து 1986இல் அதை ஆய்வாக வெளியிட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததனால் மட்டும் ஒரு வடிவம் அவர் பேச்சுக்கு வந்துவிடவில்லை. காதில் அடிக்கடி விழுந்ததனால் மட்டும் வந்துவிடவும் இல்லை. பிறர் பேச்சில் அது இருப்பதை அவரே கவனித்த பிறகுதான் அவர் நாவில் ஏறியது. இலக்கண விளக்கத்தின் வேலை என்ன என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்ததில்லை: காது தவறவிடுவதைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை.

இந்த வேலைக்கு வேற்றுமை அட்டவணை பயன்படாது. முதல் வாரமே எட்டு வேற்றுமைகளையும் உருபுகளையும் பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர், கற்பவர் இன்னும் சந்திக்காத சிக்கல்களுக்கெல்லாம் விடையை முன்கூட்டியே அவர் தலையில் ஏற்றிவிடுகிறார். 'நான் பிடிக்கும்' என்று தடுமாறுபவருக்கு வேண்டியது ஒரே ஒரு செய்திதான்: பிடிப்பது, தெரிவது, பசிப்பது போன்றவற்றில் அனுபவிப்பவருக்கு 'கு' உருபு சேரும், வினை அவருக்கு ஏற்ப மாறாது. இதை 2 நிமிடத்தில் சொல்லிவிடலாம். அவர் கேட்டுப் பழகிய வாக்கியங்களையே உதாரணமாகக் காட்டினால், "அட, இதைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்!" என்று அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு கேட்கும் ஒவ்வொரு 'எனக்கு'ம் அவருக்குப் பாடமாகிறது.

காலம் கனியாமல் கற்பிப்பதும் வீண்தான். ஜெர்மனை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளிடம் அதன் சொல்வரிசை குறித்து மொழியியலாளர் மான்ஃபிரெட் பீனமன் செய்த ஆய்வு 1984இல் வெளியானது. முந்தைய படியை எட்டியிருந்த பிள்ளைக்கே அடுத்த படியைக் கற்பித்தது பயன்பட்டது, எட்டாத பிள்ளைக்குப் பயன்படவில்லை என்று அது காட்டியது. பாடநூலின் பக்க வரிசையைக் கற்பவரின் வளர்ச்சி வரிசையாக எண்ணிக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும்.

விளக்கம் பயன் தருமா என்று ஐயப்படுபவர்களுக்கு நோரிஸ், ஒர்ட்டேகா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட தொகுப்பாய்வை நினைவூட்டுவேன். 49 ஆய்வுகளின் முடிவுகளை ஒப்பிட்டு, வெளிப்படையாக விளக்கிக் கற்பிப்பது, விளக்காமல் விடுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த ஆய்வுகள் பலவற்றில் வைத்த தேர்வுகள், விதி தெரிந்தவருக்குச் சாதகமானவை என்ற குறையும் உண்டு; அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். தயங்காமல் பேசும்போது சரியாக வருகிறதா என்பது வேறு கேள்வி. அதனால்தான் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

விளக்கத்துக்குப் பிறகு நான் கொடுக்கும் பயிற்சியில், பொருளைக் காட்டிக்கொடுக்கும் துணைச்சொற்களை எடுத்துவிடுகிறேன். 'நேற்று', 'நாளை', 'அவள்', 'அவர்கள்' எதுவும் இருக்காது. "வந்தாள்", "வருவார்கள்", "வந்தீர்களா" என்று வினையை மட்டும் சொல்லி, யார், எப்போது என்று கேட்கிறேன். விகுதியைக் கவனிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது; இதுவரை மிகையாக இருந்த ஒலியே இப்போது ஒரே ஆதாரமாகிறது. எழுவாயைச் சொல்லாமலே பேசுவது தமிழில் இயல்பு என்பதால், இது செயற்கையான பயிற்சியும் அல்ல.

தேர்வுகளும் இந்த வழிக்கு வந்தாகவேண்டும். "நான்காம் வேற்றுமை உருபு யாது?" என்ற கேள்விக்கு மதிப்பெண் கொடுக்கும்வரை ஆசிரியர்கள் அதைத்தான் கற்பிப்பார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பதிலாக, "அவன் கொடுத்தான்", "அவனுக்குக் கொடுத்தான்" என்று 2 வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, பொருள் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று எதில் தெரிகிறது எனக் கேட்டால், வேற்றுமையின் பெயரே தெரியாதவரும் அதன் பயனை அறிந்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.