ஒரு வார்டுக்கு எத்தனை சீட், அண்ணா?

சனிக்கிழமை ஜூம் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். "ரேங்க்டு சாய்ஸ் வந்தாச்சு, இனி சிட்டி கவுன்சிலில் நம்ம ஆள் உட்காருவதை யாரும் தடுக்க முடியாது" என்றார் அண்ணன். வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் ஓட்டு முறைதான் ரேங்க்டு சாய்ஸ். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு வார்டுக்கு எத்தனை சீட்? "நீ எப்பவும் நெகட்டிவ்" என்று பதில் வந்தது. கூடவே பதினொரு சிரிப்பு எமோஜி. எண்ணினேன்.

சரி, பாசிட்டிவாகவே பேசுவோம். 1, 2, 3 என்று வரிசை போடுவது நல்ல முறைதான். சுற்றுக்குச் சுற்று கடைசி ஆளை நீக்கி, அவர் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். நம்மவர்கள் இருவர் நின்றாலும் ஓட்டு சிதறாது. ஆனால் ஒரே சீட் என்றால் ஜெயிக்கிறவருக்குக் கடைசிச் சுற்றில் பாதிக்கு மேல் வேண்டும். வார்டில் நாம் நூற்றுக்கு இருபது பேர். ஓட்டுச்சீட்டில் எத்தனை வட்டம் நிரப்பினாலும் இருபது இருபதுதான். அதே வரிசை முறையில் மூன்று சீட் வைத்தால் 25 சதவீதம் போதும். ஒன்பது என்றால் பத்தே சதவீதம். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 1941 முதல் ஒன்பது கவுன்சிலர்களை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓரிகனின் போர்ட்லாந்து 2024இல் ஊரை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சீட் கொடுத்தது.

தமிழ்நாட்டில் ராஜ்யசபா தேர்தலை நினைத்துப் பாருங்கள், அதுவும் இதே வரிசை முறைதான். 234 எம்எல்ஏக்கள், ஆறு சீட், 34 பேர் இருந்தால் ஒரு எம்பி. ஒரே சீட் என்றால் 118 வேண்டும். அந்த 34ஐ வைத்து விடிய விடியக் கூட்டணிக் கணக்குப் போடுகிற அண்ணனுக்குத்தான் இங்கே சீட் எண்ணிக்கை நெகட்டிவாகத் தெரிகிறது.

"ரேங்க்டு சாய்ஸ் வந்ததும் நியூயார்க்கில் 2021இல் தெற்காசியர்கள் முதல் முறையாகக் கவுன்சிலுக்குப் போனார்களே?" போனார்கள், சந்தோஷம். அந்த வருடம் பதவிக்கால வரம்பால் பாதிக்கு மேற்பட்ட சீட்டில் பழைய ஆளே நிற்கவில்லை. சின்ன நன்கொடைகளுக்கு நகரமே எட்டு மடங்கு சேர்த்துக் கொடுத்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட்டுச்சீட்டுக்கு மட்டும் மாலை போடுவானேன்? கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 2010இல் ஒரே சீட் வரிசை முறையில் ஜீன் குவான் என்பவர் இரண்டாம் இடத்திலிருந்து ஏறி வந்து மேயரானார். அது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அதே நியூயார்க்கில் 1937 முதல் பல சீட் வரிசை முறை இருந்தது தெரியுமா? 1941இல் ஆடம் கிளேட்டன் பவல் அந்த நகரத்தின் முதல் கறுப்பினக் கவுன்சிலரானது அதில்தான். 1947இல் கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டி ஒழித்தார்கள். ஓஹாயோவின் சின்சினாட்டி நகரமும் இதே முறையை 1957இல் ஒழித்தது. கறுப்பினத்தவர் ஒருவர் மேயராகிவிடுவாரோ என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. ஒழித்தவர்களுக்கு இந்த முறையின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்புறம், "நம்ம பெருசுகளுக்கு இதெல்லாம் புரியாது" என்று இன்னொருவர். இதுதான் ரொம்பச் சுட்டது. போன மாதம் மாதிரி ஓட்டுச்சீட்டோடு ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். முதலில் ஐந்து வரிசையிலும் ஒரே பெயருக்கு வட்டம் நிரப்பினார். "உறுதியாச் சொல்லணும்ல?" ஒருமுறைதான் எண்ணுவார்கள் என்றதும் புதுச் சீட்டு கேட்டார். இரண்டாவது, நூலகத்தை மூடக் கூடாது என்று பேசிய பெண்ணுக்கு. மூன்றாவது காலி. "தெரியாதவங்களுக்கு எதுக்குப் போடணும்?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கடைசியில ஒருத்தர்தானே ஜெயிப்பாங்க? அப்ப நம்ம பையன் எப்படிப்பா வருவான்?" என்றார்.

நான் கேட்ட அதே கேள்வி. அவர் ஜூமில் இல்லை, அதனால் எமோஜிக்குத் தப்பினார்.

எட்டு வருடமாகப் பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்குகிறேன். அப்போதெல்லாம் நான் நெகட்டிவாகத் தெரியவில்லை. அண்ணா, இந்தப் பதிவையும் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். எமோஜி வேண்டாம், எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.